விண்டோஸ் 10 நின்றுவிட்டது; பழைய கணினிக்கு இனி எது? கொஞ்சம் வரலாறு

பதிவு நீளம்தான். நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் முடிந்தன. அதற்கு முன்னும் பின்னுமாக எனக்கு வந்த கேள்விகள் ஏராளம். "டீச்சர், இந்தக் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லைன்னு வருது, எடைக்குப் போட்டுடவா?" என்று ஒருத்தி. "சித்தி, லினக்ஸ் போட்டா தமிழ் அடிக்க முடியுமா?" என்று என் அக்கா மகன். இவர்களைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தவள், தாலுகா அலுவலகத்துக்கு எதிரே தட்டச்சும் ஜெராக்ஸும் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவி. அவள் கடையில் இருப்பது ஒரே ஒரு கணினி. பன்னிரண்டு வருடமாக அடித்த மனுக்கள், ஒப்பந்தப் படிவங்கள், கல்யாணப் பத்திரிகைகள், கோயில் திருவிழா நோட்டீஸ்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. புதுசு வாங்கினால் இரண்டு மாதச் சம்பாத்தியம் போய்விடும். கணினி விற்கிற கடையில் விசாரித்திருக்கிறாள். "இது செத்துப் போச்சும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அன்று காலையில்கூட அதே கணினியில் நாலு மனு அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் அவள் போயிருந்தாள்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்து, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தவள். கணினிப் படிப்பு படித்தவள் இல்லை. ஆனால் எதையும் அதன் வரலாற்றோடு தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஓய்வு பெற்ற பிறகு நேரமும் இருக்கிறது. தேடிப் படித்தபோது ஒன்று தெரிந்தது. இந்த நெருக்கடி புதிதே இல்லை. கடந்த இருபத்தைந்து வருடத்தில் பலமுறை வந்து போயிருக்கிறது. பெரிய நகராட்சிகளும், வங்கிகளும், நம் மாநில அரசும் இதே கேள்வியில் தடுமாறியிருக்கின்றன. எந்த இயங்குதளத்துக்கு மாறுவது என்பதைக் கணினியின் வேகமோ விலையோ மட்டும் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. பெரும்பாலும் உள்ளே கிடந்த கோப்புகளே தீர்மானித்திருக்கின்றன. அதைத்தான் சொல்ல வந்தேன்.

இயங்குதளம் என்றால் என்ன என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. கணினியைப் போட்டதும் முதலில் எழுந்து, திரை, விசைப்பலகை, பிரிண்டர் எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற அடிப்படை மென்பொருள் அது. விண்டோஸ் ஒன்று, லினக்ஸ் ஒன்று. செல்போனில் ஆண்ட்ராய்டு.

முதலில் விண்டோஸ் 98. உங்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். 16 எம்பி ரேம் இருந்தாலே அது ஓடும். ஜிபி இல்லை, எம்பி! இன்று செல்போனில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களின் அளவு அது. 2001 அக்டோபர் 25-இல் எக்ஸ்பி வந்தபோது குறைந்தது 64 எம்பி வேண்டும், 128 இருந்தால் நல்லது என்றார்கள். அன்றைக்கும் கடைக்காரர்கள் இதையே சொன்னார்கள், பழையதைத் தூக்கிப் போடு என்று. ஆனால் தமிழ் அடிக்கிறவர்களுக்கு அந்த மாற்றம் ரேம் விஷயமாக இருக்கவில்லை. அது எழுத்துரு விஷயம்.

இதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 98 காலத்தில் கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்கு என்று ஒதுக்கிய இடங்களில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்து எழுத்துருக்கள் செய்தார்கள். பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஆளாளுக்கு ஒன்று. நாம் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அம்மாதான் தெரியும். ஆனால் கோப்புக்குள் பதிந்திருப்பது நாலைந்து ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். அந்த எழுத்துரு இல்லாத வேறு கணினியில் அதே கோப்பைத் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். வானவில்லில் அடித்ததைப் பாமினியில் திறந்தால் அதுவும் குழப்பம்தான். கேள்வித்தாளைப் பக்கத்து ஊர் அச்சகத்துக்கு ஃபிளாப்பியில் கொண்டு போகும்போது கூடவே எழுத்துருவையும் கொண்டுபோன காலம் அது. சீர்வரிசைத் தட்டோடு தாம்பூலம் போவதுபோல.

இந்த ஆளுக்கொரு வழக்கத்தை ஒழுங்குபடுத்த முயற்சி நடக்காமல் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதன் பயனாகத்தான் தமிழ் 99 விசைப்பலகை வந்தது. டாம், டாப் என்ற இரண்டு குறியீட்டு முறைகளையும் தமிழ்நாடு அரசு ஏற்றது. அது நல்ல முயற்சி. ஆனால் அவையும் ஆங்கில எழுத்துகளுக்கான அதே பழைய அமைப்புக்குள் தமிழைப் பொருத்தும் முறைகள்தான். உலகத்து மொழிகளுக்கெல்லாம் தனித்தனி இடம் தந்த யூனிகோடில் தமிழுக்கு 1991-இலேயே இடம் கிடைத்திருந்தது. இடம் கிடைத்தாலும் குடியேற வீடு வேண்டுமே. அந்த வீடு விண்டோஸ் 2000-இல் கிடைத்தது. லதா என்ற தமிழ் எழுத்துரு அதோடு வந்தது. வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் அந்த வசதி வந்து சேர்ந்தது எக்ஸ்பி வழியாகத்தான். அதிலும் தானாக வராது. கண்ட்ரோல் பேனலில் மொழிப் பகுதிக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். உடனே அது எக்ஸ்பி குறுந்தகட்டைக் கேட்கும். குறுந்தகடு எங்கே என்று வீடெல்லாம் தேடியவர்கள் கை தூக்கலாம்.

ஆகவே தமிழ் எழுதுகிறவருக்கு 98-இலிருந்து எக்ஸ்பிக்குப் போவது என்பது மொழியே கணினிக்குள் முறையாக நுழைந்த படி. அந்தப் படியில் எத்தனை பேர் ஏறினார்கள்? வெகுகாலம் ஏறவில்லை. எக்ஸ்பி வாங்கியவர்களும் அதில் பழைய வானவில்லையே நிறுவிக்கொண்டு அடித்தார்கள். காரணம் சோம்பல் இல்லை. ஏற்கெனவே அடித்து வைத்த கோப்புகள் அத்தனையும் அந்த எழுத்துருவில் இருந்தன. அச்சகத்தில் அதுதான் இருந்தது. அலுவலகத்தில் அதுதான் கேட்டார்கள். 2010 ஜூன் 23-இல், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய அன்று, இனி யூனிகோடும் டேஸ் 16-ம்தான் தரம் என்று தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. விண்டோஸ் 2000 வந்து பத்து வருடம் கழித்து! அதற்குப் பிறகும் பழைய எழுத்துருக்கள் பல இடங்களில் போகவில்லை. என் மாணவியின் கடையில் இன்றைக்கும் மனு வானவில்லில்தான்.

இப்போது உங்களை ஜெர்மனிக்கு அழைத்துப் போகிறேன். காரணம் இருக்கிறது. பழைய கணினிக்கு எதைப் போடுவது என்ற கேள்வி உலகத்திலேயே பெரிதாக விவாதிக்கப்பட்ட ஊர்களில் ஒன்று மியூனிக்.

அந்த மாநகராட்சியில் சுமார் 14,000 கணினிகள் இருந்தன. எல்லாம் விண்டோஸ் என்.டி. 4 என்ற 1996-ஆம் வருடத்து இயங்குதளத்தில் ஓடின. அதற்கான ஆதரவு முடியப்போகிறது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. நம்முடைய அக்டோபர் 14 போலத்தான். புதிய விண்டோஸா, லினக்ஸா என்று நகர மன்றம் யோசிக்கத் தொடங்கியது. சேதி பெரிய இடம்வரை போய்விட்டது. மைக்ரோசாஃப்டின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஸ்டீவ் பால்மர், பனிச்சறுக்கு விடுமுறையைப் பாதியில் விட்டுவிட்டு நகர மேயர் கிறிஸ்டியன் ஊடேயை நேரில் பார்க்கப் போனார். விலையையும் கணிசமாகக் குறைத்தார்கள். குறைத்த பிறகு விண்டோஸே மலிவாக வந்தது. அப்படியும் 2003 மே மாதம் நகர மன்றம் லினக்ஸுக்கே வாக்களித்தது. எப்போது மாறுவது என்பதை இன்னொருவர் நமக்குச் சொல்லக் கூடாது என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். லினக்ஸ் இலவசம் என்பதால்தான் போனார்கள் என்று நம் ஊரில் சிலர் எழுதுவது சரியில்லை.

நல்ல முடிவு எடுத்தாயிற்று. எடுத்த கையோடு மாறிவிட்டார்களா? பத்து வருடம் ஆயிற்று. 2013-இல்தான் ஏறக்குறைய 15,000 கணினிகளும் மாறி முடிந்தன. லினக்ஸை ஒரு கணினியில் நிறுவ அரைமணி நேரம் போதும். மாநகராட்சி என்றால் அதைவிடக் கூடுதல் வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பத்து வருடம் எதற்கு? ஒவ்வொரு துறையிலும் கடிதத் தலைப்பு, படிவம், தானாகக் கணக்குப் போடும் தாள் என்று ஆயிரக்கணக்கில் செய்து வைத்திருந்தார்கள். எல்லாம் மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்குள் பின்னிக் கிடந்தன. அவற்றைப் பிரித்தெடுத்து, ஓபன் ஆபீஸுக்கு ஏற்ப மறுபடி அமைக்கத்தான் காலம் போயிற்று. அதற்கென்றே வோல்மக்ஸ் என்ற மென்பொருளைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். சில சிறப்பு மென்பொருள்கள் விண்டோஸில் மட்டுமே ஓடியதால் கொஞ்சம் விண்டோஸ் கணினிகளையும் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கதை அதோடு முடியவில்லை. 2014-இல் மேயர் மாறினார். வெளியிலிருந்து வரும் கோப்புகள் சரியாகத் திறக்கவில்லை, மற்ற அலுவலகங்களோடு பொருந்தவில்லை என்று புகார்கள் எழுந்தன. 2017 நவம்பரில் மறுபடி விண்டோஸுக்கே போவதென்று அதே நகர மன்றம் முடிவெடுத்தது. 2020-இல் வந்த புதிய கூட்டணி, முடிந்த இடத்திலெல்லாம் கட்டற்ற மென்பொருளுக்கே முன்னுரிமை என்று மீண்டும் சொன்னது. லினக்ஸ் தோற்றது என்று ஒரு கட்சி, அரசியல் தோற்கடித்தது என்று ஒரு கட்சி, இணையத்தில் இன்றும் சண்டை போடுகிறார்கள். என் பார்வையில் இரண்டு கட்சியும் கோப்பை மறந்துவிட்டன. போகும்போதும் வரும்போதும் வழியில் நின்று சுங்கம் வாங்கியது அந்தக் கோப்புகள்தான்.

நம் ஊருக்கு வருவோம். 2006, 2007 வாக்கில் தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட், அப்போதைய மேலாண்மை இயக்குநர் சி. உமாசங்கர் காலத்தில், தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கும் ஓபன் ஆபீஸுக்கும் மாற்றியது. பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளிலும் லினக்ஸ் வந்தது. அதே காலத்தில் சி-டாக் நிறுவனம் பாஸ் லினக்ஸ் என்ற இந்திய மொழிகளுக்கான இயங்குதளத்தை வெளியிட்டது. சென்னைதான் அதற்கு முக்கியக் களம். 2011 செப்டம்பர் 15-இல் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. உங்களில் பலர் அதை வாங்கிய நாளில் வீட்டுக்கு வந்து காட்டினீர்கள். அந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரண்டும் இருந்தன. போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும். எத்தனை பேர் பாஸைத் தேர்ந்தெடுத்தீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தப் பகுதியை அழித்துவிட்டுப் படம் பார்க்க இடம் செய்துகொண்டார்கள். பாஸ் மட்டமாக இருந்ததால் இல்லை. நண்பன் தருகிற பாட்டு, விளையாட்டு, கல்லூரியில் தருகிற மென்பொருள் எல்லாம் விண்டோஸ் கோப்பாகவே வந்தது. பிள்ளைகள் கோப்பு இருக்கிற பக்கம் போனார்கள்.

2014 ஏப்ரல் 8-இல் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றது. அப்போதும் தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, அரசு அலுவலகங்கள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று அறிவுறுத்தியது. எக்ஸ்பி என்ன ஆயிற்று என்று கேட்டால், அது போகவே இல்லை. நாம் பணம் எடுக்கிற ஏ.டி.எம். இயந்திரங்களுக்குள் உட்கார்ந்திருந்தது. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டு, 2019 ஜூனுக்குள் எல்லா ஏ.டி.எம்.களிலும் ஆதரவு உள்ள இயங்குதளம் இருக்க வேண்டும் என்று கெடு வைத்தது. செத்ததாக அறிவித்து ஐந்து வருடம் கழித்து!

அதனால் 'ஆதரவு முடிந்தது' என்பதைக் கேட்டுப் பயந்து ஓடவும் வேண்டாம், அலட்சியமாக இருக்கவும் வேண்டாம். ஆதரவு முடிந்த மறுநாள் கணினி நிற்காது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' சின்ன விஷயமில்லை. 2017 மே 12-இல் வானாக்ரை என்ற நச்சுநிரல் உலகம் முழுவதும் பரவி, கணினிகளிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. எல்லாரும் எக்ஸ்பியைத் திட்டினார்கள். ஆராய்ந்து பார்த்தபோது அடி வாங்கியவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அப்போது அதற்கு ஆதரவு இருந்தது. ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வந்துவிட்டது. போட்டுக்கொள்ளாமல் விட்டிருந்தார்கள். பழைய இயங்குதளத்தைவிட, அப்டேட் போடாத இயங்குதளம் ஆபத்து. அந்த நச்சுநிரலும் குறிவைத்தது எதை? கோப்பைத்தான். கணினியில் திருடனுக்குக்கூட வேண்டியது அதுதான்.

இடையில் விஸ்டா, 8 என்று இரண்டு வந்து போயின. 2007-இல் வந்த விஸ்டாவுக்குக் கணினிகள் தயார் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்று, வாங்கியவர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டது தனிக் கதை. 2012-இல் வந்த 8-இல் ஸ்டார்ட் பொத்தானையே காணோம். அவற்றை விட்டுவிடலாம். 2015 ஜூலை 29-இல் வந்த விண்டோஸ் 10 தான் பழைய கணினிக்காரர்களிடம் தாராளமாக நடந்துகொண்டது. 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு முதல் ஒரு வருடம் இலவசம். விண்டோஸ் 7 ஓடிய கணினியில் பெரும்பாலும் 10-ம் ஓடியது.

2021 அக்டோபர் 5-இல் வந்த விண்டோஸ் 11 அப்படி இல்லை. 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் என்பது பரவாயில்லை. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் வேண்டும் என்றார்கள். 2017-க்கு முன் வாங்கிய கணினிகள் அநேகமாக எல்லாமே இதில் அடிபட்டுப் போயின. உங்கள் கணினி எந்தத் தலைமுறை என்று பார்ப்பது எளிது. ஐ3-4005 என்று இருந்தால் நான்காம் தலைமுறை. ஐ5-8250 என்று இருந்தால் எட்டாம் தலைமுறை. கோட்டுக்குப் பிறகு வரும் முதல் எண்ணைப் பாருங்கள். பத்தாம் தலைமுறையிலிருந்து முதல் இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

யூடியூப் பார்த்துவிட்டு, இந்தத் தடையைத் தாண்டி 11-ஐ நிறுவிவிடலாம் என்று சில பிள்ளைகள் சொல்கிறீர்கள். நிறுவலாம். ஆனால் அப்படி நிறுவிய கணினிக்கு அப்டேட் வருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. மிகப் பழைய சில கணினிகளில் 24எச்2 என்ற பதிப்பு எழுந்திருக்கவே மறுக்கிறது. அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்? அதற்கு உத்தரவாதம் இல்லாத இடத்துக்கு எதற்குச் சுவரேறிக் குதிப்பது?

லினக்ஸ்காரர்கள் ரொம்பவும் பெருமைப்பட வேண்டாம். அங்கேயும் பழையதைக் கழித்துக்கட்டுகிறார்கள். 1991-இல் ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 386 என்ற சில்லு வைத்த தன் கணினிக்காகத்தான் லினக்ஸை எழுத ஆரம்பித்தார். 2013-இல் வந்த 3.8 பதிப்பிலிருந்து அந்த 386-க்கே இடமில்லை. பிறந்த வீட்டுக் கதவையே சாத்திவிட்டார்கள். 32 பிட் கணினிகளையும் ஒவ்வொருவராகக் கைவிட்டு வருகிறார்கள். லினக்ஸ் மின்ட் 20-ஆம் பதிப்பிலிருந்து உபுண்டு அடிப்படையிலான அதன் முதன்மை வரிசையில் 32 பிட் இல்லை. நீண்டகாலம் தாங்கிப் பிடித்த டெபியனும் 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் கணினிக்கான நிறுவியை நிறுத்திவிட்டது. ஆனால் ஒரு வித்தியாசம். 64 பிட்டாக இருந்தால், பத்துப் பன்னிரண்டு வருடப் பழசு என்றாலும் லினக்ஸ் உள்ளே விடும். மின்ட் 22-க்கு 2 ஜிபி ரேம் போதும், 4 இருந்தால் சௌகரியம். 2029 வரை அதற்கு அப்டேட் உண்டு.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எட்டாம் தலைமுறைக்கு மேல், டி.பி.எம். இருக்கிறது என்றால் விண்டோஸ் 11-க்கே போங்கள், இலவசம்தான். யோசிக்க ஒன்றுமில்லை.

தகுதியில்லாத கணினி என்றால், முதலில் மூச்சு விட ஒரு வருடம் வாங்கிக்கொள்ளலாம். விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் தருகிறார்கள். கணினி 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று வேண்டும். அமைப்புகளை அதில் சேமித்தால் காசு கிடையாது. அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கும். இது முடிவில்லை, தவணைதான். அந்தத் தவணைக் காலத்தில் செய்ய வேண்டிய வேலையை அடுத்துச் சொல்கிறேன்.

அதன் பிறகு லினக்ஸ் மின்ட். ரேம் 4 ஜிபி அல்லது குறைவு என்றால் அதிலேயே எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய பதிப்பு. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் கணினிக்குப் பத்து வயது குறையும். புதுக் கணினி விலையில் அது சின்னப் பங்குதான். என் நான்காம் தலைமுறை மடிக்கணினியில் இதைத்தான் செய்திருக்கிறேன், இந்தப் பதிவும் அதில் அடித்ததுதான். அக்கா மகனுக்குப் பதில்: தமிழ் அருமையாக வருகிறது, தமிழ் 99 விசைப்பலகையே அதில் இருக்கிறது. பென்டிரைவில் போட்டு, நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். உங்கள் பிரிண்டர், வைஃபை வேலை செய்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். டேலி போட்டுக் கணக்கு எழுதுகிறவர்கள், டிஜிட்டல் கையெழுத்துக் கருவி செருகுகிறவர்கள் மட்டும் அவசரப்படாதீர்கள். அந்த மென்பொருள் தந்தவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வெறுமே இணையம் பார்க்க மட்டும்தான் கணினி என்றால் குரோம் ஓ.எஸ். ஃபிளெக்ஸ் என்றும் ஒன்று உண்டு. பெரும்பாலும் கூகுள் கணக்கையும் இணைய இணைப்பையும் நம்பியே ஓடுவது என்பதால் எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை.

32 பிட் மட்டுமே ஓடுகிற கணினி, 1 ஜிபி ரேம், என்றால் நான் ஆறுதல் சொல்ல மாட்டேன். இணையத் தொடர்பை எடுத்துவிட்டு, பேரப்பிள்ளை தட்டச்சுப் பழக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தத் தவணைக் கால வேலை. கடைக்கார மாணவிக்கு நான் சொன்னதும் இதுதான். இயங்குதளத்தைத் தொடுவதற்கு முன் கோப்புகளைத் தொடு என்றேன். முதலில் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்தோம். பிறகு பட்டியல் போட்டோம். பன்னிரண்டு வருடக் கோப்பு என்று மலைத்தாளே தவிர, உட்கார்ந்து பார்த்தபோது அவள் திரும்பத் திரும்ப எடுப்பது நாற்பது ஐம்பது மாதிரிகள்தான். வாரிசுச் சான்று மனு, பட்டா மாறுதல் மனு, வாடகை ஒப்பந்தம் இப்படி. எல்லாம் வானவில். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வானவில், பாமினி, டாம், டாப் எதுவானாலும் யூனிகோடாக மாற்றித் தரும். விண்டோஸில் ஓடுவது என்பதால் பழைய கணினி விண்டோஸில் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. மாற்றியதை அப்படியே நம்பக்கூடாது, ஒரு வரி விடாமல் படித்துப் பார்க்க வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். கிரந்த எழுத்துகள் சில இடங்களில் காணாமல் போகும். ஆங்கிலத்தில் அடித்த பெயர்களும் சேர்ந்து 'தமிழாகி' விடும், சிரிப்பு வரும். நாளொன்றுக்கு நாலு மாதிரி என்று கணக்கு வைத்து நானும் அவளும் இரண்டு வாரத்தில் முடித்தோம். நான் திருத்தியது சிவப்பு மையில்தான், பழக்கம் போகவில்லை.

முடிந்த பிறகு அந்த மாதிரிகளை லிப்ரெ ஆபீஸில் திறந்து பார்த்தோம். பக்க அமைப்பு சில இடங்களில் நகர்ந்திருந்தது, சரிசெய்தாள். இப்போது அவை விண்டோஸிலும் திறக்கின்றன, லினக்ஸிலும் திறக்கின்றன, என் செல்போனிலும் திறக்கின்றன. அடுத்த மாதம் மின்ட் போடப் போகிறாளா, சீட்டு எடுத்துப் புதுசு வாங்கப் போகிறாளா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. எதைச் செய்தாலும் கடை ஒரு நாள்கூட மூட வேண்டியதில்லை.

உங்களிடமும் பழைய எழுத்துருவில் கோப்புகள் இருந்தால் கருத்துப் பெட்டியில் எழுத்துருவின் பெயரை மட்டும் எழுதுங்கள். எழுத்துருவின் பெயர் தெரியாவிட்டால் கோப்பின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். எந்த மாற்றி பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பதில் தாமதமாகும், பேத்தி வருவாள்.